நண்டுக்குப் போட்ட குரவை

இதை வாசிக்கிறவர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. எழுதத் தொடங்கினால் பேனை ஒரு பக்கம் போகும், நான் நினைத்தது இன்னொரு பக்கம் போகும். மறதி வேறு. கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுகிற ஆள் நான். ஆனாலும் இந்தக் கதையை ஆட்கள் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி வளர்த்துவிட்டார்கள். கடைசியாகக் கேட்டபோது நான் மேசையில் ஏறி நின்று கத்தியதாக இருந்தது. எங்கள் மேசையை அன்றைக்கு மாமரத்தடியில் அல்லவா கொண்டுபோய் வைத்திருந்தார்கள். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நான் கூச்சக்காரி. வீட்டுக்கு ஆள் வந்தால் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவேன். வந்தவர் குசினிக்குள் வந்தால் கிணற்றடிக்குப் போய்விடுவேன். பஸ்ஸில் இறங்குகிற இடத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, களுவாஞ்சிக்குடி வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறேன். (ஒரு முறை இல்லை.) கடவுள் எனக்கென்று ஒன்றே ஒன்றைத்தான் தந்திருந்தார். அது குரவை.

தாலி ஏறும்போதும், அம்மன் சடங்கில் கும்பம் வைக்கும்போதும் எங்கள் பக்கத்துப் பெண்கள் நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் எழுப்புவோமே, அதுதான் குரவை. தேர்தல் காலத்தில் ஒருவர் வந்து “நான் நிற்கிறேன்” என்று சொன்னால் மாலை போட்டு அதற்கும் குரவை போடுவோம். ஒருத்தி தொடங்கினால் காதில் விழுந்த மற்றப் பெண்கள் எல்லாரும் சேர்ந்துவிட வேண்டும். ஒற்றைக் குரவையை அந்தரத்தில் தவிக்க விடக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். “வாங்க, இருங்க” என்று சொல்ல எனக்கு வாய் வராது. குரவை போட்டால் வாவிக்கு அக்கரையில் மேய்கிற மாடு நிமிர்ந்து பார்க்கும்.

அந்த நாட்களில் நாடு முழுக்க ஒரு முதலாளியைப் பற்றித்தான் பேச்சு. முதலில் பிஸ்கட் செய்தவர் என்பதால் எங்கள் ஊரில் அவருக்குப் பெயர் பிஸ்கட் முதலாளி. பிறகு டெலிபோன் கடைகள், தேயிலை, பாசிக்குடாவில் கடலைப் பார்த்தபடி ஒரு பெரிய ஹோட்டல். நடிகர்களைவிட அழகான மனிதர். போனைத் திறந்தால் அவர்தான். கண்டல் கன்று நடுவார். மழையில் நனைந்துகொண்டு ஆட்டுக்குட்டியைத் தூக்குவார். எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த ஆள் தேர்தலில் நிற்பாரா, நின்றால் எந்தப் பக்கம்? அவரோ ஓம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். “மக்களின் அன்பு போதும்” என்று கும்பிடுவார். ஆளுகிற பக்கம் கூப்பிட்டால் அங்கே போய்ச் சிரிப்பார். எதிர்ப்பக்கம் கூப்பிட்டாலும் அதே சிரிப்புத்தான்.

எங்கள் வீட்டு ஆள், அதாவது வசந்தியின் அப்பா, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே போனைப் பார்த்துச் சொல்வார்: “பொம்பிள பாக்க வந்தவன் மாதிரி எல்லா வீட்டுலயும் தேத்தண்ணி குடிக்கிறான். ஒருத்திக்கும் ஓம் சொல்லுறான் இல்ல.”

என் மகள் வசந்தி அந்த ஹோட்டலில்தான் வேலை செய்தாள். படம் எடுத்து போனில் போடுகிற பகுதியில் கூடமாட நிற்கிற வேலை. நிரந்தரம் இல்லை. எப்போது கேட்டாலும் “பாப்பம்” என்பார்களாம். ஒரு நாள் கூட்டத்தில் நிரோஷன் என்கிற இளந்தாரி எல்லாரையும் பார்த்துக் கேட்டிருக்கிறான். அவன்தான் முதலாளியின் முகத்துக்குப் பொறுப்பு. (ஒருவருடைய முகத்துக்கு இன்னொருவர் பொறுப்பாக இருக்கலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.) முதலாளி வாவிக்கரையில் ஓர் ஏழைத் தாயின் வீட்டில் பாயில் இருந்து சாப்பிட வேண்டும், யாருடைய அம்மா நன்றாக நண்டு ஆக்குவார் என்று கேட்டானாம். வசந்தி கையைத் தூக்கிவிட்டாள். படம் நன்றாக வந்தால் அவளுக்கு வேலை நிரந்தரம் என்று அந்த இடத்திலேயே சொல்லியும் விட்டார்கள்.

அவள் தூக்கிய முதல் கை அது. அத்தோடு நின்றிருக்கலாம்.

“அம்மா, நீங்க ஒண்டும் கதைக்கத் தேவையில்ல. நண்டு ஆக்கினாச் சரி.”

“நான் குசினிக்க இரிக்கலாமா?”

“வாசலில நிக்க வேணும்.”

“எத்தின பேர் வருவாங்க?”

“கொஞ்சப் பேர்தான்,” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

வசந்தியின் அப்பாவுக்கு வேறு கவலை. “ஏழை எண்டு ஏன் புள்ள சொன்னாய்? போன மாசம்தானே டிவி வாங்கினம்.”

“படத்துக்கு மட்டும்தான் அப்பா.”

முதலாளி வருகிறதுக்கு முதல் நாளே நிரோஷன் வந்து இறங்கினான். கொழும்புப் பொடியன். மெல்லிய தாடி, காதில் வயர், இரண்டு கையிலும் போன். என்னைக் கண்டு கும்பிட்டான். நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். வாழை மறைவில் நின்று எட்டிப் பார்த்தால், வீட்டைச் சுற்றி வந்து தலையைச் சொறிகிறான்.

“வசந்தி, அம்மாட வீடு நல்லா இருக்கு. ஆனா கொஞ்சம் கூட நல்லா இருக்கு.”

அதற்குப் பிறகு எங்கள் வீட்டை ஏழையாக்கத் தொடங்கினார்கள். டிவிக்கு முன்னால் பாயைச் சாத்தினார்கள். பிரிட்ஜைப் பக்கத்து வளவுச் செல்லமணியின் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். (அதற்குள் இருந்த தயிர்ச்சட்டி திரும்பி வரவே இல்லை. செல்லமணி இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.) காஸ் அடுப்பை மூடிவிட்டு, கல் வைத்து விறகு அடுக்கினார்கள். மண்சட்டி ஹோட்டலில் இருந்து வந்தது. புத்தம் புதுச் சட்டி. அதற்குக் கரி பூச ஒரு ஆள். சட்டியின் கரியைத் தேய்த்துத் தேய்த்தே கை ரேகை அழிந்தவள் நான். ஒருவன் பிரஷ் வைத்து, ஒதுங்கி நின்று அழகு பார்த்து, கரி பூசியதை அன்றைக்குக் கண்டேன்.

ஏழையாக்கி முடிந்ததும் நிரோஷன் அரசியல் பார்க்கத் தொடங்கினான். எங்கள் நாட்டில் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சின்னம், ஒரு நிறம். முதலாளிக்குப் பக்கத்தில் அதில் ஏதாவது படத்தில் விழுந்தால் போதுமாம், ‘அந்தக் கட்சிக்குப் போய்விட்டார்’ என்று எழுதிவிடுவார்களாம். போனில் கட்சிச் சின்னங்களின் படத்தைப் பார்த்துப் பார்த்து வீட்டில் உள்ளதை ஒவ்வொன்றாக மாமரத்தடிக்கு வெளியேற்றினான். முதலில் சைக்கிள். பிறகு குடை. கதிரை. சுவர் மணிக்கூடு. மேசை மட்டும் சின்னம் இல்லையாம், ஆனால் ஏழை வீட்டில் மேசை எதற்கு என்று அதுவும் போனது.

வசந்தியின் அப்பா வலையைப் போட்டுவிட்டு எழும்பினார்.

“தம்பி, என்ட சைக்கிள் எந்தக் கட்சி?”

“நாளைக்கு மட்டும்தான் ஐயா.”

“இத்தின வருசமா அதில மீன் கொண்டு போறன். எனக்கே சொல்லல்லியே அது.”

கடைசியில் நிரோஷன் முற்றத்து நடுவில் நின்று நிமிர்ந்து பார்த்தான். எதிரே வீடு. வீடும் ஒரு சின்னம்தான். பாவம், அதை எங்கே தூக்கி வைப்பான்? கொஞ்ச நேரம் தாடியைத் தடவிவிட்டு, கூரை படத்தில் விழாத மாதிரி கமராவைத் தாழ்த்தி வைக்கச் சொன்னான்.

அடுத்தது என் சீலை. நல்ல சீலைகளை எல்லாம் வசந்தி பாயில் பரப்பினாள். பச்சை கூடாது. நீலம் கூடாது. சிவப்பைக் கண்டு இரண்டு அடி பின்னால் போனான். மஞ்சளுக்கும் தலையை ஆட்டினான். அப்போது அடுப்படியில் சட்டி பிடிக்கப் போட்டிருந்த ஒரு பழந்துணி அவன் கண்ணில் பட்டது. என்றைக்கோ சீலையாக இருந்தது. சாயம் போய்ப் போய் என்ன நிறம் என்று பெற்ற தாயே சொல்ல முடியாது.

“இதான் அம்மா வேணும். இதுக்குக் கட்சியே இல்ல.”

இப்படியாக என் நல்ல சீலைகள் அலுமாரிக்குள் கிடக்க, நாடே பார்க்கப் போகிற படத்துக்கு நான் சட்டித்துணியோடு நிற்பது என்று முடிவானது.

எனக்கு ஒரு வசனமும் தந்தார்கள். வசந்தி முதலில் எழுதியது, “உங்களப் போல ஆக்கள்தான் ஐயா எங்களுக்கு வேணும்.” நிரோஷன் பதறிப்போய் வெட்டினான். அது வாக்குக் கேட்கிற மாதிரி இருக்கிறதாம். பிறகு, “ஐயா, எங்கட வீட்டுக்கு வந்தது சந்தோசம்” என்று மாற்றினார்கள். கோழிகளுக்குச் சொல்லிப் பார்த்தேன். நன்றாக வந்தது. வசந்தியின் அப்பாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். அவர், “இப்பவாவது சொன்னியே” என்றார். எனக்குச் சிரிப்பு வந்து வசனம் போய்விட்டது. நிரோஷனுக்கு முன்னால் போய் நின்றேன். வாய் திறந்தது. காற்று மட்டும் வந்தது.

“சத்தம் இல்லாட்டி படம் செத்த மாதிரி இருக்குமே,” என்று அவன் கவலைப்பட்டான்.

“அம்மாக்குக் கதை வராது. குரவை வரும்,” என்றாள் வசந்தி.

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று ஒன்று போட்டேன். நிரோஷன் காதில் இருந்த வயரைப் பிடுங்கினான். கண் இரண்டும் விளக்கு மாதிரி எரிந்தது. முதலாளி முதல் துண்டு நண்டை வாயில் வைக்கிற நேரம் இந்தச் சத்தம் வந்தால் நாடே அழும் என்றான். ஆகவே ஏற்பாடு இதுதான்: முதலாளி வாயில் வைத்ததும் வசந்தி கையைத் தூக்குவாள், நான் குரவை போட வேண்டும்.

“உங்கட கண் என்ட கையில இரிக்கட்டும் அம்மா,” என்று வசந்தி சொன்னாள். “வேற ஆரையும் பாக்க வேணாம். எனக்கு இந்த வேல வேணும்.”

கடைசி வசனத்தை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு அது நன்றாகக் கேட்டது.

அடுத்த நாள் எங்கள் ஒழுங்கைக்குள் வாகனம் மேல் வாகனமாக வந்தது. கொஞ்சப் பேர் என்றாளே, வேலியே தெரியவில்லை. மதிலில் ஆள், மாமரத்தில் ஆள். செல்லமணி கூறைச்சீலையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். (அவளுக்கு நிறத்தடை ஒன்றும் இல்லை.) என் நெஞ்சு இஞ்சின் போட்ட தோணி மாதிரி அடித்துக்கொண்டது. பொய் சொல்லக்கூடாது, பயத்தைவிடச் சந்தோசம்தான் கூட. என் சட்டியில் வெந்த நண்டைச் சாப்பிட, போனுக்குள் இருக்கிற மனிதர் உயிரோடு வருகிறார்.

வந்தார். சாம்பலும் இல்லை, மண்ணிறமும் இல்லை, அப்படி ஒரு சேர்ட். என் சட்டித்துணிக்கு அண்ணன் மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றினார். என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அவர் திரும்பவும் கும்பிட்டார். கும்பிட்டவரைக் கும்பிடாமல் விடலாமா, நானும் கும்பிட்டேன். நிரோஷன் வந்து நடுவில் நிற்கும் வரைக்கும் இரண்டு பேரும் நிறுத்தவில்லை.

பாயில் இருந்தார். நான் குத்தரிசிச் சோறு போட்டு, முருங்கையிலைச் சுண்டல் வைத்து, நண்டை வைத்தேன். நிரோஷன் அவர் காதில் சொன்னது எனக்குக் கேட்டது: “எது போட்டாலும் தலைய ஆட்டி ‘ஓம், ஓம், நல்லா இருக்கு’ன்னு சொல்லுங்க சேர். வேணாம்னு மட்டும் சொல்லிராதீங்க.”

இங்கேதான் ஒருவரும் நினைக்காத இடைஞ்சல் வந்தது. முதலாளிக்கு நண்டு உடைக்கத் தெரியாது. ஹோட்டல்களில் உடைத்துத்தான் வைப்பார்களாம். பெரிய காலைக் கையில் எடுத்தார், திருப்பிப் பார்த்தார், கடித்தார். அது உடையவில்லை. சிரித்தார். மறுபக்கம் கடித்தார். கமரா ஓடுகிறது. எனக்கோ மற்றது எதுவும் தெரியாது. கண் வசந்தியின் கையில். அந்தக் கை அசையவில்லை. சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் அகப்பையில் இன்னொரு நண்டை அள்ளி, அவர் பீங்கானுக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். ‘போடவா’ என்று கேட்க எனக்கு வாய் ஏது? அகப்பைதான் கேட்டது.

அந்த நேரம் பார்த்து, போனில் ஊர்ச் செய்தி சொல்கிற பிரசாந் வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்தான். போனை நீட்டியபடி பெரிய சத்தமாகக் கேட்டான்:

“சேர், இந்த முற எங்கட மாவட்டத்தில எலக்சனில நிக்கிறீங்களா?”

கேள்வி கேட்கக்கூடாது என்பது கட்டளை. வசந்தி அவனை மறிக்கச் சடாரென்று கையைத் தூக்கினாள்.

அதே நேரம் முதலாளியின் பல்லில் நண்டு உடைந்தது. கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார். கண்ணைத் திறந்தால் முன்னால் என் அகப்பை. பலமாகத் தலையை ஆட்டினார். “ஓம், ஓம்.”

நான் கண்டது கையை மட்டும். கை தூக்கியாயிற்று. போட்டேன் குரவையை.

என் வாழ்நாளில் அப்படி ஒரு குரவை நான் போட்டதில்லை. முடிகிறதுக்குள் செல்லமணி எடுத்தாள். அவளுக்குப் பின்னால் வேலியோரம் முழுக்க எடுத்தது. அடுத்த ஒழுங்கையில், ஏன் எதற்கு என்று தெரியாமலே, உலக்கையைப் போட்டுவிட்டு எடுத்தார்கள். ‘ஆள் எலக்சனில நிக்கிறாராம், ஓம் எண்டுட்டார்’ என்று மாமரத்தில் இருந்தவன் கத்தினான். செல்லமணியின் புருசன் கோயிலுக்கு என்று வைத்திருந்த சீனவெடியைக் கொளுத்திவிட்டான். எங்கிருந்தோ ஒரு மாலையும் வந்து முதலாளியின் கழுத்தில் விழுந்தது. நானோ மகளின் வேலை நிரந்தரம் என்று நினைத்து இன்னும் ஒரு சுற்று இழுத்தேன்.

மூச்சு முடிந்து பார்க்கிறேன். முதலாளியின் சிரிப்பு அப்படியே இருந்தது. பழக்கின சிரிப்பு, அது மாறாது. கண் மட்டும் நிரோஷனைத் தேடியது. நிரோஷன் விறகுக் கட்டின் மேல் குந்தித் தலையைப் பிடித்திருந்தான். வசந்தியின் கை தூக்கினபடியே நின்றது. இறக்க மறந்துவிட்டாள்.

பிரசாந் எடுத்தது நேரடி ஒளிபரப்பு. அழிக்க வழி இல்லையாம். முதலாளி கை கழுவுகிறதுக்குள் அது கொழும்புக்குப் போய்விட்டது. ‘வாவிக்கரையில் அறிவித்தார் முதலாளி, பெண்கள் குரவையுடன் வரவேற்பு’ என்று எழுதி, பக்கத்தில் அகப்பையும் வாயுமாக என் படம். அந்தச் சட்டித்துணியில்.

பின்னேரம் ஒரு கட்சிக்காரர் வந்தார். எங்கள் கதிரை இன்னும் மாமரத்தடியில் இருந்ததால் அங்கேயே இருந்தார்.

“அம்மா, மெய்யாச் சொல்லுங்க. எங்கட பக்கம்தானே வாறார்?”

அவர் தேத்தண்ணி குடித்து முடிகிறதுக்குள் மற்றக் கட்சிக்காரர் வந்தார். அவருக்குப் பக்கத்து மரவாங்கில் இடம்.

“பாக்கியம்மா, நம்மட ஆளுக்கு நீங்க இப்பிடிச் செய்யலாமா? அவர் எங்களோடதானே கதைச்சிக் கொண்டிரிக்கார்.”

நான் கிணற்றடியில் நின்றேன். வசந்தியின் அப்பாதான் பதில் சொன்னார். “நீங்க ரெண்டு பேரும் கதைச்சி ஒரு முடிவுக்கு வாங்க. அதுக்குள்ள நான் என்ட சைக்கிள எடுத்துக்கிறன்.” அவர்கள் போன பிறகு என்னிடம் வந்து சொன்னார்: “பெரிய பெரிய ஆக்களாலயும் முடியாம ரெண்டு கட்சியையும் ஒரு மரத்துக்குக் கீழ இருத்தினவ நீதான் கா.” எனக்குச் சிரிக்க முடியவில்லை.

ஏனென்றால் வசந்திக்கு போன் வந்திருந்தது. சொல்லும் வரைக்கும் வேலைக்கு வரவேண்டாமாம். அவள் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசவில்லை. கரி பூசின புதுச்சட்டியைக் கிணற்றடிக்கு எடுத்து வந்து, தென்னந்தும்பு போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது எங்கள் சட்டிகூட இல்லை.

மறுநாள் நிரோஷன் வந்தான். தாடி ஒரே நாளில் வளர்ந்துவிட்டது மாதிரி இருந்தது. இதை நேராக்க ஒரு வழிதான் இருக்கிறதாம். நானே கமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்று கொழும்பில் பெரிய ஆட்கள் இருந்து யோசித்து அனுப்பியிருந்தார்கள்: ‘முதலாளி அவர்கள் எனது உணவின் சுவையைப் பாராட்டியே தலையசைத்தார்கள், இதில் எவ்வித அரசியல் நோக்கமும் இல்லை என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகிறேன்.’

“அம்மா சரியாச் சொல்லிட்டா வசந்தி நாளைக்கே வேலைக்கு வரலாம்,” என்றான்.

முதல் முறை ‘முதலாளி அவர்கள்’ வரைக்கும் வந்தேன். அடுத்த முறை ‘எனது உணவின்’ என்றதும் இருமல். பிறகு ‘தாழ்மையுடன்’ என்பதை முதலில் சொல்லிவிட்டு, மற்றது ஒன்றும் இல்லாமல் கும்பிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒலி பிடிக்கிறவன் காதைப் பொத்தினான், குரவை வந்துவிடுமோ என்று. வசந்தி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தவறியும் கை எழும்பக்கூடாது என்று விரலைப் பின்னிப் பிடித்திருந்தாள். விரல் நுனியெல்லாம் வெளிறிப்போய்.

இதற்குள் பிரசாந் திரும்பவும் வேலியடிக்கு வந்துவிட்டான். அவன் போனும் நீண்டுவிட்டது.

“அம்மா, அவர் நிண்டா நீங்க வோட்டுப் போடுவீங்களா?”

நிரோஷன் பாய்ந்தான். வசந்தி பல்லைக் கடித்துக்கொண்டு கையை இன்னும் இறுக்கினாள். தடுக்க வேண்டிய பிள்ளை, தடுக்காமல் நிற்கிறாள், என்னால். எனக்கு அப்போது கூச்சம் எங்கே போனது என்று தெரியாது. வாய் தானாகத் திறந்தது.

“மனே, அந்த மனுசன் நண்டுக்குத்தான் தலய ஆட்டினார். நான் அகப்பைய நீட்டினன், அவர் ஓம் எண்டார். என்ட மகள் உன்ன மறிக்கத்தான் கையத் தூக்கினாள். நான்தான் விளங்காமக் குரவ போட்டன். அவள்ல ஒரு பிழையும் இல்ல.”

“அதெல்லாம் சரி அம்மா. அவருக்குப் போடுவீங்களா?”

நான் யோசித்துத்தான் சொன்னேன்.

“நல்லாச் சாப்பிடுறார் மனே. மற்றது எனக்குத் தெரியா.”

நிரோஷன் திரும்பவும் விறகுக் கட்டுக்குப் போய்விட்டான்.

அன்றைக்கு நாடு சிரித்த சிரிப்பு இருக்கிறதே. பஸ்ஸில் அதுதான், கடையில் அதுதான். யாரைப் பற்றிக் கேட்டாலும், “நல்லாச் சாப்பிடுறார், மற்றது தெரியா.” வசந்தி வேலைக்குப் போட்டுப் போகிற உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். நானும் கிணற்றடியை விட்டு வரவில்லை.

ஆனால் அந்த முதலாளி சும்மா முதலாளி இல்லை. அடுத்த வாரம் அவரே ஒரு படம் போட்டார். தன் வீட்டில் இருந்து நண்டு சாப்பிடுகிறார். பக்கத்தில் ஒரு குரல், “தேர்தலில் நிற்கிறீர்களா?” என்று கேட்கிறது. அவர் ஒரு பெரிய துண்டை வாயில் வைத்து, கண்ணை மூடி, “ஓம், ஓம், நல்லா இருக்கு” என்கிறார். பிறகு கமராவைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். அவ்வளவுதான். அவரைப் பார்த்துச் சிரித்த சனம் அவரோடு சேர்ந்து சிரிக்கத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: “நண்டுக்கு ஓம். மற்றது யோசிப்பம்.” முன்பு கும்பிட்டுத் தப்பினவர், இப்போது சிரிக்க வைத்துத் தப்புகிறார். தேர்தல் வந்தது, போனது. அவர் நிற்கவில்லை. இன்னும் யோசிக்கிறாராம். இதெல்லாம் தன் திட்டம்தான் என்று நிரோஷன் கூட்டங்களில் சொல்கிறானாம். சொல்லட்டும், பாவம், விறகுக் கட்டில் இருந்தது அவன்தானே.

வசந்தியைக் கூப்பிட்டார்கள். வேலை நிரந்தரம். படம் எடுக்கிற பகுதியில் இல்லை, சாப்பாட்டுப் பகுதியில். ஹோட்டலில் ‘பாக்கியம்மாவின் நண்டு’ என்று ஒரு கறி போட்டார்கள். சாப்பாட்டு அட்டையில் என் படம், சட்டித்துணியோடு. அலுமாரியில் இத்தனை சீலை இருந்தும் உலகத்துக்கு நான் அந்தத் துணியில்தான் தெரிகிறேன்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒரு நாள் வசந்தி எங்களை அங்கே சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனாள். நான் பச்சைச் சீலை கட்டினேன். வெள்ளைக்காரர்கள் சுற்றிவர இருக்கிறார்கள், மேசையில் துணி விரித்திருக்கிறது, நான் தலை நிமிரவில்லை. நண்டைக் கொண்டுவந்து ஒரு மேசையில் வைத்தார்கள். வைத்ததும் எங்கேயோ மேலே இருந்து ஒரு குரவை கேட்டது. என் குரவை. அன்றைக்கு நிரோஷன் பிடித்து வைத்த ஒலியில் என் குரலை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அந்தக் கறி மேசைக்கு வரும்போதெல்லாம் அதைப் போடுவார்களாம். வசந்தி சொல்ல மறந்துவிட்டாள். (மறந்தாளா என்று எனக்குச் சந்தேகம்.)

குரவை தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெரிய மண்டபத்தில் எடுப்பதற்கு ஒருத்தியும் இல்லை. ஒற்றைக் குரவை. அந்தரத்தில். எவ்வளவு நேரம்தான் பொறுப்பது? சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் எழும்பி நின்று என் குரவைக்கு நானே குரவை போட்டேன். வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். வசந்தியின் அப்பா மேசைக்குக் கீழே போய்விட்டார்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் எனக்கு முன்னால் ஒருவரும் கையைத் தூக்குவதில்லை. கொடியில் உடுப்புப் போடுவதென்றாலும் “அம்மா, இது சும்மா கை” என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். வசந்தியின் கலியாணத்தில் ஐயர் பூ கேட்டுக் கையைத் தூக்கினார். மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். எங்கள் மருமகன் கறி கேட்டுத் தலையாட்டினால், “எந்தக் கட்சி தம்பி?” என்று வசந்தியின் அப்பா கேட்பார்.

எனக்கு ஞாபகம் இவ்வளவுதான். எந்தக் கட்சிக்காரர் முதலில் வந்தார், மாலையைக் கொண்டு வந்தது ஆர், முதலாளி கடித்தது வலப்பக்கத்துக் காலா இடப்பக்கத்துக் காலா என்பதில் எல்லாம் எனக்குச் சந்தேகம். தயிர்ச்சட்டி விசயத்தில் மட்டும் சந்தேகம் இல்லை. மற்றதை வசந்தி ஒருக்கா வாசித்துப் பார்த்து, பிழை இருந்தால் திருத்த வேண்டும். எது பிழையென்றாலும் வாயால் சொல்லு மகள். கையத் தூக்கிப் போடாத.